மலாக்காவில் எதிர்ப்படும் தமிழ்

கோலாலம்பூரிலிருந்து தெற்கே காரில் இரண்டு மணி நேரப் பயணத்தில், நீரிணைக் கரையில் இருக்கிறது மலாக்கா. வார இறுதிகளில் ஊர் நிரம்பி வழியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துத் திரும்புவது ஒரே பட்டியலைத்தான்: டச்சுக்காரர்கள் கட்டிய செந்நிற நகர மண்டபம், அதன் அருகே 1753-இல் எழுந்த கிறிஸ்து தேவாலயம், பாட்டு அலறும் அலங்காரத் திரிஷாக்கள், ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை, பனைவெல்லம் போல் கறுத்த குலா மலாக்கா ஊற்றிய ஒரு கிண்ணம் செண்டோல். 2008-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமை நகராக அறிவித்த பிறகு இந்தக் கூட்டம் இன்னும் பெருகியது.

இந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பாபா நோன்யா என்றுதான் சுற்றுலாப் பலகைகள் பேசுகின்றன. தமிழர்களும் அப்படியே நம்பி வந்து போகிறார்கள். ஆனால் இந்தச் சின்ன ஊரில் தமிழ், தேடாத இடங்களில் எதிர்ப்படுகிறது. கட்டாயம் இருக்கும் என்று நம்பிப் போகிற இடத்தில்தான் சில வேளை காணாமல் போயிருக்கிறது.

முதல் சந்திப்பு செயின்ட் பால் குன்றின் உச்சியில். 1521-இல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம் கூரையிழந்து சுவர்களாக மட்டும் நிற்கிறது. உட்சுவர்களில் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே புனித பிரான்சிஸ் சவேரியாரின் வெண்சிலை, 1952-இல் வைத்தது. அதற்கு வலக்கை இல்லை. மரக்கிளை விழுந்து உடைந்தது என்பது ஊர் வழக்கு. வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். காரணம், சவேரியாரின் உண்மையான வலக்கையும் உடலோடு இல்லை. 1614-இல் துண்டிக்கப்பட்ட முன்கை ரோமாபுரியின் இயேசு ஆலயத்தில் இருக்கிறது. உடல் கோவாவில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சவேரியார் மலாக்காவுக்கு நேராக ஐரோப்பாவிலிருந்து வந்தவர் அல்லர். 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே வாழ்ந்தவர். மன்றாட்டுகளைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். 1545-இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, அங்கிருந்து கப்பலேறி மலாக்காவில் இறங்கினார். 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த பின், அவருடைய உடல் கோவாவுக்குப் போகும் வழியில் 1553-இல் இந்தக் குன்றின் தேவாலயத்திலேயே சில மாதம் இருந்தது. தூத்துக்குடியிலிருந்தோ மணப்பாட்டிலிருந்தோ வரும் பயணி ஒருவர், தம் ஊர்க் கோயிலில் தினமும் பார்த்த முகத்தைத்தான் இங்கே கையில்லாத சிலையாகப் பார்க்கிறார்.

குன்றின் அடிவாரத்தில் ஃபமோசா கோட்டையின் ஒற்றை வாசல் மிஞ்சியிருக்கிறது. மற்றதை 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த வாசலில் நின்று படம் எடுப்பவர்கள் 1511-ஐப் போர்த்துக்கீசியருக்கும் மலாய் சுல்தானுக்கும் நடந்த போராக மட்டுமே அறிவார்கள். கதை அவ்வளவு எளிதல்ல. ஏனெனில் அதன் இரு தரப்பிலும் தமிழர் தொடர்பு இருந்தது.

15-ஆம் நூற்றாண்டில் மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், சாவகத்துக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் ஒருவர், சீனா, சம்பா, ரியூக்யூவுக்கு ஒருவர். சோழமண்டலத்திலிருந்து போன சரக்கில் துணியே பிரதானம். அதை வாங்கி நறுமணப் பொருள் விற்கும் சந்தை இது. இங்கே தங்கிய தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் அரசகுலத்தோடு மண உறவு கொண்டு பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், பதவி வரை உயர்ந்தன. துன் முதாஹிர் அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்தவர். 1509-இல் முதல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்தபோது அவற்றில் வந்தவர்களைப் பிடிக்கத் திட்டமிட்டவர் அவர்தான்.

அவருடைய முடிவைச் 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல் ஒரு வணிகப் பகையாகச் சொல்கிறது. ராஜா முதலியார் என்ற ஷாபந்தருக்கும் நைனா சூரதேவன் என்ற வணிகர் தலைவருக்கும் வழக்கு. தீர்ப்பு வருமுன் சூரதேவன் பெண்டஹாராவிடம் பொன் கொண்டுபோய்க் கொடுத்தார். சூரதேவனிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் செய்தியை முதலியாரிடம் மிகைப்படுத்திப் போட்டுக்கொடுத்தான். கலங்கிப்போன முதலியார் கடற்படைத் தலைவரைக் கையூட்டால் வளைக்க, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்ற பேச்சு சுல்தான் மஹ்மூதின் காதுக்குப் போனது. முதாஹிர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அடுத்து வந்தது போர்த்துக்கீசியத் தளபதி அல்போன்சு டி அல்புகெர்க்கின் படை. நூல் கதையாகக் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலியாரும் நைனாவும் பொன்னும் கடனுமாக நகரும் இந்த அத்தியாயத்தை அன்றைய நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் வைத்தாலும் பொருந்தும்.

எதிர்த் தரப்பில் இருந்தவர் நைனா சாத்து. போர்த்துக்கீசியர் பதிவுகளில் நீனா சாத்து என்று வரும் இந்து வணிகர். 1509-இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு மறைவாக உதவியவர். அல்புகெர்க் வென்றதும் அவருக்கே பெண்டஹாரா பதவியைக் கொடுத்தார். 1514-இல் அப்பதவி கம்பார் அரசருக்குக் கைமாறியபோது, அவமானம் தாங்காமல் சாத்து தீமூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். அவருக்கு ஊரில் சிலையில்லை. வாழ்வையும் சாவையும் பார்த்தால் ஒரு முழுநீள நாடகத்துக்குரிய மனிதர்.   

மலாக்கா ஆற்றின் மறுகரையில் இன்னொரு சந்திப்பு. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலேசியப் பள்ளிப் புத்தகங்கள் போற்றும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு கம்போங் கெத்தெக்கில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய பூட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணந்துகொண்டவர். ஆங்கிலேய அதிகாரி ராபிள்சிடம் எழுத்தராக இருந்த அப்துல்லா, 1849-இல் அச்சான தம் வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார்: சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம். கணக்குப் பார்க்கவும் வணிகம் பேசவும் அந்த மொழி வேண்டியிருந்தது. தமிழ் அன்று இந்த ஊரில் வெறும் தாய்மொழியாக இல்லை, பிறர் பணம் கொடுத்துக் கற்கும் தொழில்மொழியாக இருந்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் சேர்க்கை பற்றிக் கவலைப்படும் கூட்டங்களில் இந்த ஒரு பத்தியை வாசிக்கலாம்.

ஜோங்கர் தெருவுக்கு இணையாக ஓடும் சிறு தெருக்களில், சில நிமிட நடைக்குள், மூன்று வழிபாட்டிடங்கள் வரும். 17-ஆம் நூற்றாண்டுச் செங் ஹூன் தெங் சீனக் கோயில், 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781-இன் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். சுற்றுலாத் துறை இதை நல்லிணக்கத் தெரு என்கிறது. பள்ளிவாசலைப் பார்க்கிற எவரும் சற்றுத் தயங்குவார்கள். குவிமாடத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதன் கூரை மூன்றடுக்குப் பிரமிடு. மினாரா சீனப் பகோடா. தொழுகைக் கூடத்தில் கொரிந்தியத் தூண்கள், விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. மலாக்காவில் எதையும் ஒரே இனத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதை இந்தக் கட்டடம் காட்டிவிடுகிறது.

பொய்யாத விநாயகர் ஆலயம் மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. டச்சு அரசு, செட்டிச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில் கட்டியது. வானளாவும் கோபுரம் இல்லை. தெருவோடு ஒட்டிய, டச்சுச் சாயல் கலந்த முகப்பு. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் கோபுரத்தைத் தேடிக்கொண்டே தாண்டிப்போகக்கூடும். உரிமை மலாக்கா செட்டிகளுடையது; அன்றாட நிர்வாகம் நகரத்தார் கையில். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவர்கள். வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு காரணங்களுக்காக வந்த மூன்று கூட்டத்தார் ஒரே சந்நிதியில் நிற்கிற இடம் இது. மாசி மகத்துக்கு இங்கிருந்து முருகன் வெள்ளி ரதமேறி, செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவார். அன்று மலாக்காவில் எங்கு பார்த்தாலும் தமிழர் கூட்டம்தான்.

மலாக்கா செட்டிகளையும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் ஒன்றாக நினைப்பது பரவலான குழப்பம். நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கிட்டங்கிகளைத் திறந்து வட்டித்தொழில் செய்ய வந்தவர்கள். காரைக்குடிப் பக்கத்து வீடும் குடும்பமும் அறுபடாதவர்கள். மலாக்கா செட்டிகளின் மூதாதையர் சுல்தான் காலத்திலேயே வந்த சோழமண்டல வணிகர்கள். பருவக்காற்று திரும்பும்வரை தங்கி, மலாய், சாவக, சீனப் பெண்களை மணந்து, இங்கேயே ஊன்றிவிட்டார்கள். டச்சு ஆட்சியில் வணிகம் கைநழுவியது. நகரின் விளிம்புக்குப் போய் நெல்லும் காய்கறியும் பயிரிட்டார்கள். அந்த விளிம்புதான் காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி, அதாவது செட்டிச் சிற்றூர். செந்நிறச் சதுக்கத்திலிருந்து வண்டியில் சில நிமிடம்தான். ஆனால் பயணிகளில் நூற்றுக்கு ஒருவர் போனால் அதிகம்.

மலாக்காவின் பெரிய சந்திப்பு இங்கேதான். வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி படங்கள். பெயர்ப்பலகையில் பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி. வெளியே வரும் மூதாட்டி சரோங் கெபாயா உடுத்தியிருப்பார். 'வணக்கம் பாட்டி' என்றால் சிரிப்பு கிடைக்கும். பேச்சு மலாயில் தொடரும். வீட்டுமொழி மலாய்தான், அதுவும் தமிழ்ச்சொற்கள் ஊடாடும் தனி மலாய். தமிழ்ச் சமூகத்தில் மொழியும் சமயமும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும் என்ற எண்ணம் இந்தத் திண்ணையில் கலைகிறது. மொழி போய் நூற்றாண்டுகள் ஆயின. சிவனும் மாரியம்மனும் விநாயகரும் போகவில்லை.

அது எப்படி நடந்தது என்பது ஊகிக்கக்கூடியதே. வணிகர் ஆண், வீடு தாயுடையது. பிள்ளைகளின் முதல் மொழி தாயின் மொழி. கோயில் தந்தையின் பொறுப்பு. டச்சுக்காரர் ஆண்டபோது ஊரோடு தொடர்பு அறுந்ததும் தமிழ் பேசிக்கொண்டு புதிதாய் வருகிறவர் அருகிப்போனார்கள். இதற்கு நேர்மாறான ஊர்கள் இத்தாலியில் உண்டு. சிசிலித் தீவின் பியானா தெலி அல்பனேசியில் 15-ஆம் நூற்றாண்டில் குடியேறிய அல்பேனியர்கள் இன்றும் அல்பேனிய மொழி பேசுகிறார்கள். தென்னித்தாலியில் சலெந்தோ பகுதியின் கலிமேராவில் முதியவர்கள் வாயில் கிரேக்கம் மிஞ்சியிருக்கிறது. சார்தீனியாவின் அல்கேரோவில் கட்டலான் கேட்கும். அங்கெல்லாம் குடும்பம் குடும்பமாகக் குடியேறி ஊரையே தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே அடுப்படியில் பழைய மொழி நின்றது. மலாக்காவில் அடுப்படி மலாய் பேசியது.

அடுப்படியில் இன்னொன்றும் நடந்தது. போகியன்று 'பார்ச்சு பொங்கல்' என்ற முன்னோர் படையல் உண்டு. வாழையிலை விரித்து, சாம்பிராணி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பார்கள். இலை தமிழிலை. சமையல் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், பெலாச்சான் சம்பல், மீன் பிண்டாங், பலகாரமாக மலாய்க் குவே. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன்நாள் பழையன கழிப்பதோடு போகி முடிந்துவிடுகிறது. பல ஊர்களில் முன்னோர் படையல் மங்கிவிட்டது. மலாய் பேசும் இந்த வீடுகள் அதை விடவில்லை. பழம் பழுக்கும் ஆண்டின் நடுவில் 'பார்ச்சு புவா-புவாஹன்' என்று கனிகளை வைத்து இன்னொரு படையலும் நடக்கும்.

கம்போங்கைச் சுற்றிச் சிறு சிறு கோயில்கள் பல. 1822-இன் முத்து மாரியம்மன் கோயில் அவற்றுள் முக்கியமானது. அதன் பத்து நாள் திருவிழாவை ஊர் 'டத்தோ சாச்சார்' என்றே அழைக்கிறது. சாச்சார் என்றால் அம்மை. அம்மை போட்ட காலத்தில் காத்தவள் என்பதால் மாரியம்மனுக்கு மலாய் மரியாதைப் பட்டமே கிடைத்துவிட்டது. பெரும்பாலும் மே மாதத்தில் வரும் இவ்விழாவில் காவடியும் பால்குடமும் நகரத்தெருக்கள் வழியே வரும். பக்கத்திலேயே சமூகத்தின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆடைகள், ஆண்கள் கட்டும் தலைப்பா, பித்தளைப் பாத்திரங்கள் என அதைப் பார்க்க அரை மணி போதும்.

இங்கே இப்போது மிகச் சில குடும்பங்களே தங்கியிருக்கின்றன. பலர் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் இவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது. கம்போங்கை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடங்கள் எழத் திட்டம் வந்தபோது குடியிருப்பாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். பூமிபுத்ரா, அதாவது மண்ணின் மைந்தர், என்ற சலுகைத் தகுதி கேட்டு வைத்த கோரிக்கையும் நெடுநாளானது. ஊஜோங் பாசிரில் வாழும் போர்த்துக்கீசிய வழித்தோன்றல்களுக்குப் பூமிபுத்ரா முதலீட்டுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. செட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. போர்த்துக்கீசியருக்கு முன்பே வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால், இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம்.

நகரத்தைத் தாண்டினால் தோட்டங்கள். அங்கும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மலாயாவின் ரப்பர் என்றாலே வெள்ளைக்காரத் துரை நினைவுக்கு வருவார். ஆனால் வணிகத்துக்கென்று முதலில் ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் பாபா சீனர் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் தொடங்கினார். பிறகு புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் போட்டு, அதை ஆங்கிலேய நிறுவனத்துக்குக் கைமாற்றினார். பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் போய், இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு 1877-இல் வந்த மரம், மலாக்காவின் மரவள்ளிக் காடுகளை இப்படித்தான் பிடித்தது.

மரம் வந்ததும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய்த் தலைக்கு இவ்வளவு என்று ஆள்கட்டி வந்தார்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டங்கள் தமிழ்க் குடியிருப்புகளாயின. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் வருவது, இந்திய அரசு 1938-இல் தடை விதித்ததோடு நின்றது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, பெயர் கூப்பிடும் கிராணி, உளியும் வாளியுமாக மரத்துக்கு மரம் ஓட்டம், மங்கில் சொட்டும் பால், பத்து மணிக்கு மழை வந்தால் அன்றைய கூலிக்கு அடி. இந்த வாழ்க்கைதான் மலேசியத் தமிழ் நாவலின் பெரும்பகுதிக்கு நிலமாயிற்று.

தமிழைத் தேடி இந்தத் தோட்டங்களுக்குப் போகிறவருக்கு ஏமாற்றமே அதிகம். 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பலர் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைத் தடுக்கவே அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பதில் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளின் வீடுகள் வந்தன. வேலைக்கு வெளிநாட்டார் வந்தார்கள். லயங்கள் இடிந்தன. முனியாண்டியும் மாரியம்மனும் சில இடங்களில் ஆளில்லாத செம்பனை நடுவே நிற்கிறார்கள். சில இடங்களில் புதுத் தாமான் ஓரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். நாடெங்கும் பல பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இருக்கும், தோட்டம் இருக்காது. ரப்பர் வணிகம் பிறந்த புக்கிட் லிந்தாங்கின் பெயரை இன்று ஒரு தமிழ்ப்பள்ளி சுமக்கிறது.

மலாக்காவுக்கு ஒருநாள் பயணம் போடுகிறவர்கள் காலையை ஜோங்கர் தெரு இருக்கும் ஆற்றங்கரைக்கு ஒதுக்கலாம். பொய்யாத விநாயகரையும் கம்போங் கிளிங் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குள் காஜா பெராங் சேர்வது நல்லது. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். செந்நிறச் சதுக்கம் மாலையிலும் அங்கேயே இருக்கும். கம்போங் செட்டியில் கேமராவை எடுக்குமுன் வீட்டாரைக் கேளுங்கள். அவை காட்சிப்பொருள் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். பார்ச்சு நாளில் அழைப்பு இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். யாராவது மலாயில் பதில் சொன்னால், தமிழ் தெரியாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டுச் சலித்திருக்கிறார்கள்.